கஞ்சிக்கோட்டுக் காற்றும் ஆறு கேஸ் டிடெக்டர்களும்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை எல்பிஜி யார்டில் இருக்கும் ஆறு கேஸ் டிடெக்டர்களையும் ஒருவழியாக ஒழுங்குபடுத்திக் கொடுத்தாயிற்று. சிலிண்டர் மாற்றும்போது வீணாக அலாரம் அடிப்பது நின்றுவிட்டது. கடைசியில் பார்த்தால் வேலை சின்னதுதான், ஆனால் காரணத்தைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாளையாறிலிருந்து பாலக்காடு வரை திறந்த யார்டு வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன்.

யார்டு இப்படி: மேலே தகரக் கூரை, மேற்கே சுவர், மற்ற பக்கங்களில் கம்பிவலை. 47.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசை ஓடும்போது மற்றது ஸ்டாண்ட்பை. அங்கிருந்து லைன் ஃபர்னஸுக்குப் போகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அதனால் டிடெக்டர்களைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்திருக்கிறார்கள். 1, 2, 3 சுவரோரம், 4 நடுவில், 5, 6 கிழக்கே வலையோரம். எல்லாம் பெலிஸ்டர் வகை. உள்ளே சூடான இரண்டு மணிகள் இருக்கும். வினையூக்கி பூசிய மணியில் கேஸ் எரியும், அதனால் கூடும் சூட்டை மற்ற மணியோடு ஒப்பிட்டு அளவு சொல்லும். செக்யூரிட்டி அறையில் பேனல். எல்இஎல் என்பது கீழ் எரிவரம்பு, காற்றில் இந்த அளவு கேஸ் சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். அதில் 20 சதவீதம் வந்ததும் ஹூட்டர் அடிக்கும். 40-இல் சோலனாய்டு வால்வு மூடி ஃபர்னஸ் நின்றுவிடும்.

புகார் மார்கழியில் தொடங்கியது. ஆண்டுக் கேலிபரேஷன் (அளவு தெரிந்த கேஸைக் கொடுத்து டிடெக்டர் காட்டும் எண்ணைச் சரிசெய்வது) முடித்து ஓர் ஏஜென்சி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன பிறகு, சிலிண்டர் மாற்றும் நேரத்தில் 5 அல்லது 6 அலாரம் அடிக்கும். அதுவும் ராத்திரி ஷிஃப்டிலும் விடியற்காலையிலும்தான். மத்தியானம் மாற்றினால் ஒன்றும் ஆகாது. ஆகவே ராத்திரி ஷிஃப்டுப் பையன்கள், சிலிண்டரை மேனிஃபோல்டு என்ற பொதுக் குழாயோடு இணைக்கும் பிக்டெயில் குழாயை அவசரமாகக் கழற்றுகிறார்கள் என்று முடிவுகட்டி, அவர்களுக்கு மெமோவும் கொடுத்திருந்தார்கள்.

சேஃப்டி ஆபீசர் மலையாளி, நல்ல மனிதர். பாலக்காட்டுத் தமிழில், "அலாரம் கொஞ்சம் முந்தி அடிச்சா நல்லதுதானே, சேஃப் சைடுதானே?" என்றார். "சார், செக்யூரிட்டி ரூம்ல பைபாஸ் சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். போய்ப் பார்த்தோம். சாவி பைபாஸில் இருந்தது, அதாவது அலாரத்தை வேலைசெய்யவிடாமல் வைத்திருந்தார்கள். பேனலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாளையாறுக்காரர். "தம்பி, ராத்திரி அது கத்துனா ஃபர்னஸ்காரன் வந்து என்னையத் திட்டுறான், நான் என்ன பண்ண?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீண் அலாரம் சேஃப் சைடு இல்லை என்பதற்கு அந்தச் சாவியைவிட வேறு சாட்சி வேண்டுமா?

முதலில் கசிவைத் தேடினேன். சோப்புத் தண்ணீர், பிரஷ், டார்ச். வால்வு, பிக்டெயில், மேனிஃபோல்டு இணைப்பு என்று ஒவ்வொன்றாகத் தடவியதில் ஒரு பிக்டெயில் முனையில் குமிழி வந்தது. அடடா, கிடைத்துவிட்டது என்று அதை மாற்றி, மற்றவற்றுக்கும் புது வாஷர் போட்டோம். ஏறக்குறைய 2,600 ரூபாய் செலவு. அந்தக் கசிவு நிஜம்தான், அதை அடைத்ததும் நல்லதுதான். ஆனால் அன்று ராத்திரியே 6 மறுபடி அடித்தது.

அடுத்தது டிடெக்டர்களுக்கே கேஸ் கொடுத்துப் பார்ப்பது. கோயம்புத்தூரில் 34 லிட்டர் சிலிண்டர் ஒன்று வாங்கினேன், காற்றில் கலந்த புரொப்பேன். மாநிலம் விட்டு மாநிலம் வாங்குவதற்கான ஐஜிஎஸ்டி வரி சேர்த்து 10,000 ரூபாயைத் தாண்டியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வாளையாறு வரிச் செக்போஸ்ட் போய்விட்டது, பில் இருந்தால் போதும். ஆனால் கேஸ் சிலிண்டர் என்றதும் பார்சல்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தெரிந்தவர் வண்டியில் பில்லும் சான்றிதழும் வைத்துக் கொண்டுவந்தேன். வாங்கும்போது 'பேலன்ஸ் ஏர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனில் கலந்ததைக் கொடுத்துவிட்டால் பெலிஸ்டரில் எரிய ஆக்ஸிஜன் இருக்காது, நல்ல டிடெக்டரும் செத்ததுபோல் நிற்கும்.

லேபிளில் இன்னொரு பொறி உண்டு. என் சிலிண்டரில் '0.85 சதவீதம் புரொப்பேன், 50 சதவீதம் எல்இஎல்' என்று இருந்தது. புரொப்பேனின் கீழ் எரிவரம்பு 1.7 சதவீதம் என்று கொள்ளும் ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) கணக்கு அது. இந்த டிடெக்டர்களோ 2.1 சதவீதம் என்ற பழைய கணக்கில் அமைக்கப்பட்டவை. 0.85-ஐ 2.1-ஆல் வகுத்தால் 40.5 வருகிறது. அதாவது இந்தக் கேஸைக் கொடுத்தால் திரையில் 40 பக்கம் வரவேண்டும். லேபிளை நம்பி 50 என்று ஸ்பேன் கொடுத்தால் (இந்தக் கேஸுக்கு இந்த எண் என்று டிடெக்டரில் பதித்தால்) ஆரம்பத்திலேயே 23 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மீத்தேனிலும் இதே கதைதான்: 5 சதவீதமா 4.4-ஆ என்று முதலில் டிடெக்டரின் கையேட்டைப் பார்த்துவிட வேண்டும்.

ரெகுலேட்டர் 0.5 எல்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்) நிலையான ஃப்ளோ. குழாய் ஒரு மீட்டருக்கும் குறைவு. டிடெக்டரின் மழைக் கவசத்தில் பக்கவாட்டில் ஒரு சின்ன நிப்பிள் இருக்கும், அதில் குழாயைச் செருகிக் கேஸ் விட்டேன். ஏஜென்சிக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று செக்யூரிட்டி அண்ணன் சொல்லியிருந்தார். யார்டுக்குள் வேலை செய்வதற்கான பெர்மிட் கைக்கு வரும்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. 5-ஆம் நம்பர் 38, 42, 39 என்று ஆடியது. 6-ஆம் நம்பர் 40, 43, 38. எதிர்பார்த்தது 40. ஆட்டம் இருந்தாலும் சராசரி சரியாக இருக்கிறதே என்று டிடெக்டர்கள் மேல் இருந்த சந்தேகத்தைக் கைவிட்டேன். அங்கேதான் வழி தவறியது.

பிறகு வயரிங். தீப்பிடிக்கும் இடத்தில் மின்சாரத்தோடு டிடெக்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதால் கரண்டை செக்யூரிட்டி அறைப் பேனலில்தான் அளந்தேன். பூஜ்யத்துக்கு 4 மில்லியாம்ப், 40-க்கு 10.4. 0 முதல் 100 வரைக்கும் 4 முதல் 20 மில்லியாம்ப் என்ற கணக்கு அச்சாகப் பொருந்தியது. கேபிள் நுழையும் கிளாண்டில் தண்ணீர் இல்லை, எர்த் சரி. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

விஷயம் பிடிபட்டது பெர்மிட் தயவால். பகலில் யார்டுக்குள் ஏதாவது ஒரு லாரி நிற்கும், பெர்மிட்டுக்குக் காத்திருந்தே பொழுது போகும். அதனால் விடியற்காலையில் வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதே சிலிண்டர், அதே ரெகுலேட்டர், அதே குழாய், அதே நிப்பிள். 6-ஆம் நம்பர் ஏறியது, 40-ஐத் தாண்டியது, 50-ஐத் தாண்டியது, 55-இல் போய் நின்றது. ஆட்டமே இல்லை. ரெகுலேட்டரில் கோளாறோ என்று 1-ஆம் நம்பருக்குப் போனேன். அது 41. திரும்ப 6-க்கு வந்தால் மறுபடி 55. நிமிர்ந்து பார்த்தேன். கம்பிவலைக்கு அப்பால் ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

விருச்சிகக் காற்று என்று இங்கே சொல்வார்கள். நம் கார்த்திகையில் தொடங்கி மார்கழி, தை என்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து மேற்கே வறண்டு அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகல இடைவெளி, அதன் வாயில்தான் கஞ்சிக்கோடு. சும்மாவா இங்கே காற்றாலை வைத்தார்கள்? விடியற்காலையில் சற்று அடங்கி, வெயில் ஏற ஏற வலுக்கும். மழைக் கவசம் அடியில் திறந்த அமைப்பு. நிமிடத்துக்கு அரை லிட்டர் கேஸை அதற்குள் விட்டால், கிழக்கிலிருந்து வரும் காற்று ஒரு பங்கை வாரிக்கொண்டு போய்விடும். சென்சாருக்குப் போய்ச் சேருவது மிச்சம்தான். ஏஜென்சிக்காரர்கள் வந்தது பகலில். குறைவாகக் காட்டியிருக்கும், அவர்கள் ஸ்பேனை ஏற்றி லேபிளில் இருந்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் அதே காற்றில் அதே முறையில் சோதித்தேன், அதனால் அவர்களுடைய பிழை எனக்குச் சரியாகவே தெரிந்தது. மேற்குச் சுவரோரம் இருந்த மூன்றும் பிழைத்ததற்குக் காரணம் அங்கே காற்றின் வேகம் குறைவு என்பதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் இடறல். அவர்கள் 50 என்று வைத்திருந்தால் 1, 2, 3-உம் கூடுதலாகக் காட்டியிருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அவர்களுடைய சிலிண்டர் 1.05 சதவீதம், அதாவது 2.1 கணக்கில் சரியான 50. ஆக லேபிள் விஷயத்தில் அவர்கள் மேல் தவறில்லை. தவறு காற்றின்மேல் மட்டும்.

மத்தியானம் உறுதிப்படுத்திக்கொண்டேன். காற்று பிய்த்துக்கொண்டு போகும் நேரத்தில் நிப்பிள் வழியே விட்டால் 6-ஆம் நம்பர் 41. கவசத்தைச் சுற்றிப் பாலிதீன் பையைக் கட்டி, ஓர் ஓட்டை மட்டும் விட்டால் 56. பையை எடுத்தால் மறுபடி இறங்கியது. சேஃப்டி ஆபீசரை அழைத்துவந்து பையைக் கட்டியும் அவிழ்த்தும் காட்டினேன். "மதி, மதி, மனசிலாயி" (போதும், போதும், புரிந்தது) என்றார். பையன்களுக்குக் கொடுத்த மெமோவை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். எனக்கு அதில்தான் பெரிய திருப்தி.

பாலிதீன் பை காட்டிக்கொடுக்க உதவும், கேலிபரேஷனுக்கு உதவாது. சென்சார் தலையில் திருகி உட்காரும் கப் வேண்டும். டிடெக்டர்களோடு வந்த கப் எப்போதோ தொலைந்துவிட்டது. கம்பெனியில் கேட்டால் விலையும் அதிகம், வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மழைக் கவசத்தையும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். வெள்ளை நைலான் ராடில் கடைந்து தந்தார்கள். உள்ளே சென்சார் தலையைச் சுற்றி ஓர் ஓ-ரிங், ஒரு பக்கம் குழாய் செருக 6 மில்லிமீட்டர் நிப்பிள், எதிர்ப்பக்கம் கேஸ் வெளியேற ஓட்டை. நைலானும் கூலியும் சேர்த்து 650 ரூபாய்.

ஓட்டை அளவுதான் படுத்தியது. முதலில் ஒரே ஓட்டை, ஒரு மில்லிமீட்டர். வேறொரு ரெகுலேட்டர் கடன் வாங்கி ஃப்ளோவைக் கூட்டினால் ரீடிங்கும் கூடியது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். 3 மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டையாக்கினேன். மறுபடி 0.5-இலும் 1 எல்பிஎம்மிலும் விட்டுப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே எண். கப் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: ஃப்ளோ மாறினால் எண் மாறக் கூடாது, மின்விசிறியை நேரே வைத்தாலும் மாறக் கூடாது.

லேத் அண்ணன் நிப்பிளின் அடியில் சிலிகான் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று டியூபை எடுத்துவிட்டார். பாய்ந்து தடுத்தேன். பெலிஸ்டருக்குச் சிலிகான் ஆவி விஷம். மணியின் மேல் படிந்து வினையூக்கியை மூடிவிடும், திரும்ப வராது. நிப்பிளை மரையிட்டு டெஃப்லான் டேப் சுற்றினோம். ஓ-ரிங்கும் விட்டான் (Viton) என்ற ரப்பர்தான், சிலிகான் இல்லை.

அதைச் சொன்னபோதுதான் 4-ஆம் நம்பர் ஞாபகம் வந்தது. அதன் தலைக்கு மேலே கூரைத் தகரத்தின் இணைப்பில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்ததைப் பார்த்திருந்தேன். விசாரித்தால், மழைக்கு முன்னால் ஒழுகலுக்குச் சிலிகான் சீலண்ட் அடித்தார்களாம். 4-க்குப் புரொப்பேன் கொடுத்தால் 33 வரை வந்தது, மெதுவாக. கொஞ்சம் ஸ்பேன் ஏற்றினால் பாஸாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கையில் போர்ட்டபிள் மீட்டருக்கான, நான்கு கேஸ்களைச் சோதிக்கும் நாற்கலவைச் சிலிண்டர் இருந்தது. அதில் மீத்தேன் 2.5 சதவீதம். புரொப்பேனுக்கு அமைத்த டிடெக்டர் அதற்குக் கூடுதலாகக் காட்டும். 1-ஆம் நம்பரும் 2-ஆம் நம்பரும் 70-ஐத் தாண்டின. 4 மட்டும் 18-இல் நின்றது. எரிய வைக்க மிகவும் கடினமான கேஸ் மீத்தேன். அதனால் விஷம் ஏறிய சென்சார் முதலில் மீத்தேனைத்தான் கைவிடும், புரொப்பேனை இன்னும் கொஞ்ச காலம் எரிக்கும். எல்பிஜி யார்டுக்கு மீத்தேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: கேலிபரேஷனுக்குப் புரொப்பேன், ஆயுள் பார்க்க மீத்தேன். நாற்கலவையில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் 25 பிபிஎம் இருக்கிறது, அதுவும் பெலிஸ்டருக்கு ஆகாது. அதனால் சட்டென்று பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டும். இனிமேல் தனி மீத்தேன் சிலிண்டர் வாங்குவதாக இருக்கிறேன்.

கேலிபரேஷன் அன்று விடியற்காலையிலேயே போய்விட்டேன். யார்டுக்குள் ஃபோன் கூடாது. அதனால் செக்யூரிட்டி அண்ணன் அறை வாசலில் நின்று விரல் காட்டினார், நான் டிடெக்டர் திரையைப் பார்த்துக்கொண்டேன். பேனலை இன்ஹிபிட்டில் (சோதனை நேரத்தில் அலாரத்தை நிறுத்திவைக்கும் நிலை) போட்டு, நேரத்தைப் பெர்மிட்டில் எழுதினோம். முதலில் பூஜ்யம். யார்டுக் காற்றை நம்பாமல் சிலிண்டர் காற்றைக் கொடுத்துத்தான் பூஜ்யம் வைத்தேன். அப்புறம் ஸ்பேன். எதையும் தொடுவதற்கு முன் இருந்த நிலையை முதலில் எழுதினேன்: 41, 39, 42, 33, 54, 57. இதைப் பலரும் எழுதுவதில்லை. இந்த ஆறு எண்கள் இல்லாவிட்டால் கதையே இல்லை. 5, 6 இரண்டிலும் திரையில் 20 வரும்போது உண்மையில் இருந்தது 14, 15 சதவீதம்தான். பிக்டெயிலில் மிஞ்சிய கேஸ் வெளியேறும்போது ஒரு நிமிடம் எழும் அளவு அவ்வளவுதான். பகலில் காற்று அதையும் அடித்துக்கொண்டு போனதால் அலாரம் இல்லை, ராத்திரி காற்று ஓய்ந்ததால் அலாரம். பையன்கள் எல்லா ஷிஃப்டிலும் ஒரே மாதிரிதான் கழற்றியிருக்கிறார்கள்.

மூடியைத் திறக்காமல் கண்ணாடி வழியே காந்தக் குச்சியால் மெனுவுக்குள் போய், ஸ்பேன் மதிப்பை 40 என்று மாற்றி, எண் அசையாமல் நிற்கும்வரை மூன்று நிமிடம் கேஸ் விட்டேன். முடித்தபின் 40, 40, 41, 5-க்கு 40, 6-க்கு 40. 4-ஆம் நம்பருக்கு ஸ்பேன் கொடுக்கவில்லை, பழுது என்று எழுதிச் சிவப்பு டேக் கட்டினேன். 34 லிட்டர் சிலிண்டர் 0.5 எல்பிஎம்மில் 68 நிமிடம் வரும். ஆறு டிடெக்டருக்கு 20 நிமிடம் போதும். ஆனால் காற்றோடு நான் நடத்திய சோதனைகளிலும் கப் ஓட்டையிலும் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

அன்று ராத்திரி சிலிண்டர் மாற்றும்போது பேனலில் நின்று பார்த்தேன். 6-ஆம் நம்பர் 13 வரை போய் இறங்கியது. அலாரம் இல்லை.

இடையில் தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் போர்ட்டபிள் மீட்டரையும் கையில் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் ஆக்ஸிஜன் 20.2 காட்டுகிறது, இப்போது 20.7 காட்டுகிறது, சென்சார் போய்விட்டதா என்று கேள்வி. போகவில்லை. ஆக்ஸிஜன் 20.9 என்பது உலர்ந்த காற்றுக்கு. கர்க்கடக (நம் ஆடி) மழையில் 28 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால், காற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் நீராவியே இடம் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் 20.2 பக்கம்தான் இருக்கும். தை மாத வறண்ட காற்றில் 20.7. மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. நாற்கலவைச் சிலிண்டரில் இருக்கும் 18 சதவீத ஆக்ஸிஜனுக்கு 18 காட்டியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறைக்கு நான் மாற்றப்போவது: ஆண்டுக் கேலிபரேஷனை ஐப்பசிக்கு முன்னால் தள்ளிவிடுவது, முடியாவிட்டால் விடியற்காலைப் பெர்மிட். கப் ஒன்று போதாது, மூன்று கடைந்து ஒன்றை யார்டிலேயே சங்கிலியில் கட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கரில் தேதியோடு கேஸ் அளவும் எத்தனைக்கு ஸ்பேன் கொடுத்தோம் என்பதும் எழுத வேண்டும். '50' என்று மட்டும் இருந்தால் அடுத்து வருபவருக்கு எந்தக் கணக்கில் 50 என்று தெரியாது. கூரையில் இனி சிலிகான் அடிப்பதாக இருந்தால் முதலில் சொல்லுங்கள், சென்சார்களைக் கழற்றி வைத்துவிடலாம் என்று எழுதியும் கொடுத்தாயிற்று. பைபாஸ் சாவி இப்போது சேஃப்டி ஆபீசர் மேஜையில் இருக்கிறது. 4-ஆம் நம்பருக்குப் புது சென்சார் 14,000 ரூபாய்ச் சொச்சம், ஆர்டர் போயிருக்கிறது. வந்ததும் ஒரு நாள் மின்சாரத்தில் விட்டுவிட்டு, மறுநாள் விடியலில் கேஸ் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் ஷிஃப்டுக்கு ஒரு போர்ட்டபிள் மீட்டர்.